ஓரம் வெட்டாத படம்

ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த ஒருவனுக்கு முப்பத்தோராவது வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. எடை 1,380 கிராம். தாயின் இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி, வலிப்பு வந்துவிடக்கூடும் என்ற நிலை ஏற்பட்டதால், திங்கட்கிழமை இரவு முழு மயக்கம் கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். நினைவு திரும்பியபோது அவள் நான்காம் தளத்தில் இருந்தாள். குழந்தை இரண்டாம் தளத்தில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. இடையே இருந்தவை இரண்டு தளங்கள்தாம். அவற்றைக் கடக்க அவளுக்கு நான்கு நாட்கள் பிடித்தன.

அவனுடைய ஆய்வுப் பொருள், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தக்காணத்தின் ஒளிப்பட நிலையங்கள். பழுப்பேறிய படங்களை வெள்ளைக் கையுறையுடன் எடுத்துப் பார்த்து, அவற்றிடம் மூன்று கேள்விகளைக் கேட்பது அவன் வழக்கம். எடுத்தவர் யார்? யாருக்காக எடுக்கப்பட்டது? சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டது எது? மூன்றாவது கேள்விதான் ஆய்வாளனை வெறும் பார்வையாளனிடமிருந்து பிரிக்கிறது என்று இளைய மாணவர்களுக்கு அவன் சொல்வதுண்டு.

அந்த ஆய்வில் அவனை மிகவும் ஈர்த்த செய்தி ஒன்று உண்டு. நிஜாமின் அரசவை ஒளிப்படக் கலைஞராக விளங்கிய ராஜா தீன் தயாள், 1892இல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே தனியாக ஒரு ஜெனானா நிலையத்தை அமைத்தார். பர்தா முறையில் வாழ்ந்த பெண்களை ஆண் ஒருவர் படம் எடுக்க இயலாது என்பதால், அது ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் விடப்பட்டது. படக்கருவி எந்த வாசல்வரை செல்லலாம், அதற்கப்பால் யார் கையில் செல்லலாம் என்பதை அந்த ஏற்பாடு தீர்மானித்தது. தன் வாழ்விலும் ஒரு நாள் அப்படியொரு வாசல் வரும் என்று அவன் எண்ணியதில்லை. இம்முறை உள்ளே போக அனுமதி பெற்றவன் ஆண். வெளியே நிறுத்தப்பட்டவள் தாய்.

காலையும் மாலையும் ஒரு மணி நேரம் தந்தைக்கு அனுமதி. முழங்கைவரை கழுவி, மேலங்கி அணிந்து அவன் உள்ளே சென்றான். கையில் கைபேசி இருந்தும் முதல் நாள் படம் எடுக்கவில்லை. அதற்கு அவன் வெளியே சொன்ன காரணம் ஒன்று, சொல்லாதது வேறொன்று. ஊரிலிருந்து அழைத்த அவன் தாய், "படம் கிடம் ஒண்ணும் எடுத்துராதப்பா, பச்சப்புள்ளைக்குக் கண்ணு பட்ரும். நாப்பது நாள் கழியட்டும்" என்றிருந்தார். அவன் கண்ணேறு நம்புகிறவன் அல்லன். ஆயினும் அந்தச் சொல் அவனுக்கு வசதியாக அமைந்தது. எடுக்கும் படமே அக்குழந்தையின் ஒரே படமாக எஞ்சிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், மருந்தின் மயக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே அவள் கேட்டாள்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. பெட்டியில வச்சிருக்காங்க. நீ தூங்கு."

அவள் தூங்கவில்லை. 'பெட்டி' என்ற அந்த ஒரு சொல் அவளை விழிக்கச் செய்துவிட்டது. அவளுடைய தாய்க்கு முதலில் பிறந்தது ஓர் ஆண் குழந்தை. "பெட்டியில வச்சிருக்காங்க, நல்லா இருக்கான்" என்றே மூன்று நாட்கள் அவரிடம் சொல்லிவந்தார்கள். குழந்தை இறந்து, அடக்கமும் முடிந்த பிறகுதான் உண்மையைச் சொன்னார்கள். தாய்க்கு அதிர்ச்சி தாங்காது என்பது பெரியவர்களின் கணக்கு. அந்தத் தாய் தன் மூத்த மகனின் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒரு படமும் இல்லை. முகமில்லாத அண்ணன் ஒருவனைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள் அவள். நம் வழக்கில் குறைமாதக் குழந்தையை வைப்பதும் கண்ணாடிப் பெட்டிதான். இறந்தவரைக் கிடத்துவதும் கண்ணாடிப் பெட்டிதான். தமிழ் அவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறது. அந்த ஒற்றுமை எவ்வளவு கொடியது என்பது நான்காம் தளத்தில் படுத்திருப்பவருக்கே தெரியும்.

அன்றிரவு அவள் தெளிவாகச் சொன்னாள்: "எனக்கு ஒரு படம் வேணும். நாளைக்குக் காலையில எடுத்துட்டு வாங்க."

புதன்கிழமை காலை அவன் உள்ளே சென்றபோது காட்சி மாறியிருந்தது. குழந்தையின் உடலில் மஞ்சள் நிறம் கூடியிருந்ததால் ஒளி சிகிச்சை தொடங்கியிருந்தார்கள். பெட்டி முழுவதும் நீல ஒளி. கண்களை மறைத்து வெண்துணிப் பட்டை. மூக்கில் மூச்சுக்குத் துணைசெய்யும் சி-பாப் குழாய், வாய் வழியே வயிற்றுக்குச் செல்லும் மெல்லிய குழாய், பாதத்தில் சிவப்பாய் மினுங்கும் ஆக்சிஜன் அளவி. அவன் எடுத்த படத்தில் குழந்தை முழு நீலமாக இருந்தது. மூச்சுத் திணறும் குழந்தையின் நிறமும் நீலம்தான் என்பதால், இப்படத்தை அவளிடம் காட்டக் கூடாது என்று அவன் முடிவு செய்தான்.

நடைவழியில் நின்றபடி படத்தைத் திருத்தினான். குழாய்கள் தெரியாதபடி வெட்டினான். நெற்றி, கன்னத்தின் ஒரு பகுதி, மூடிய சிறு கை ஆகியவை மட்டும் எஞ்சின. நீலம் தெரியாதிருக்கக் கறுப்பு வெள்ளையாக மாற்றினான். பார்ப்பதற்கு அழகிய படம். நூற்றாண்டுக்கு முந்தைய நிலையம் ஒன்றில் எடுத்தது போன்ற மென்மையும் அதற்கு வந்திருந்தது. தன் மூன்றாவது கேள்வியை அவன் அப்போது மறந்தே போனான்.

அவள் அப்படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"ஏன் கறுப்பு வெள்ளை?"

"லைட் சரியில்ல. கலர் சரியா வரல."

"குழாய் எங்க? முப்பத்தோரு வாரம். குழாய் இல்லாம எப்படி இருக்கும்? கண்ணு எங்க? ஏன் கைய மட்டும் காட்டுறீங்க?" அவள் குரல் உடைந்தது. "எங்க அம்மாகிட்ட சொன்ன மாதிரி எங்கிட்டயும் சொல்றீங்களா?"

அவன் திகைத்து நின்றான். அவளைக் காப்பதாக எண்ணி அவன் செய்த ஒவ்வொரு திருத்தமும் மறைத்தலின் சான்றாகவே அவள் கண்ணில் பட்டது. நிறம் இல்லாதது ஒரு சான்று. வெட்டப்பட்ட ஓரம் மற்றொரு சான்று. மூல ஆவணம் ஒன்றைத் திறனாய்வு செய்வதைப் போல அவள் படித்தாள். ஏழாண்டு ஆவணக் காப்பகப் பயிற்சி பெற்றவனைவிடப் படிப்பில் அவள் ஒரு படி மேலே இருந்தாள். எடுத்தவனின் நல்லெண்ணத்தை அவள் ஐயுறவில்லை. நல்லெண்ணம்தான் பொய் சொல்லவைக்கும் என்பதை அவள் குடும்பம் முன்பே கண்டிருந்தது.

மாலையில் அவன் பணியில் இருந்த செவிலியரிடம் நடந்ததைச் சொன்னான். அவர் கேரளத்துக்காரர், ஓரளவு தமிழும் தெரிந்தவர். சற்று நேரம் யோசித்துவிட்டு, படம் எடுக்கலாம் என்றார். ஆனால் சில ஒழுங்குகளை விதித்தார். கைபேசியைக் கிருமிநாசினித் துணியால் துடைக்க வேண்டும். ஃபிளாஷ் கூடாது. வேறு குழந்தைகளோ பணியாளர்களோ படத்தில் விழக் கூடாது. எடுத்து முடித்ததும் கைபேசியை உள்ளே வைத்துக்கொண்டு, மீண்டும் கை கழுவிய பிறகே குழந்தையைத் தொட வேண்டும். "பால் கொடுக்க லைட் ஆஃப் பண்ணும்போது வாங்க. ரெண்டு நிமிஷம். அப்ப எடுத்தா நிறம் சரியா வரும்" என்றார்.

அந்த நீல ஒளியின் வரலாற்றிலும் ஒரு செவிலியர் இருக்கிறார். 1950களில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், ராக்ஃபோர்டு மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஜீன் வார்டு என்பவர், குழந்தைகளை வெயிலில் கொண்டுவைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு குழந்தையின் உடலில், துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே எஞ்ச, வெயில் பட்ட இடங்களில் மஞ்சள் வெளிறியிருப்பதைக் கண்டு மருத்துவர்களிடம் காட்டினார். அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வு 1958இல் வெளியாயிற்று. ஒளி பட்ட இடம், படாத இடம் என்று ஓர் உடலே ஒளிப்படத் தாளாகி நின்ற தருணம் அது. அதைக் கூர்ந்து பார்த்த கண் ஒரு செவிலியருடையது.

விளக்கு அணைந்தது. கண் பட்டையைச் செவிலியர் விலக்கினார். குழந்தையின் உண்மையான நிறம் வெளிப்பட்டது: சிவப்பும் மஞ்சளும் கலந்து, தோளில் மென்மயிர் படர்ந்து, முதிர்ந்த ஒருவரின் முகம் போலச் சுருங்கியிருந்தது. அவன் இம்முறை எதையும் தவிர்க்கவில்லை. குழாய்கள் தெரிந்தன. கணுக்காலில் தாயின் பெயரும் எண்ணும் எழுதிய அடையாளப் பட்டை தெரிந்தது. பின்னணியில் கருவியின் திரையும் அதில் 94 என்ற ஆக்சிஜன் அளவும் இருந்தன. பெட்டியின் இடப்புற மூலையில் யாரோ ஒட்டியிருந்த பச்சை நிறப் பிளாஸ்திரித் துண்டும் விழுந்தது. அளவு தெரியட்டும் என்று தன் சுட்டுவிரலைக் குழந்தையின் உள்ளங்கையருகே நீட்டினான். அது விரலைப் பற்றிக்கொண்டது. அந்தப் படம் சற்று அசைந்து மங்கலாகவே வந்தது. அதையும் அவன் வைத்துக்கொண்டான்.

ஆறு படங்கள். ஒன்றையும் வெட்டாமல் அவளிடம் கொடுத்தான்.

அவள் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டையைப் பெரிதாக்கித் தன் பெயரைப் படித்தாள். தன் மணிக்கட்டில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டாள். திரையில் இருந்த அளவைப் பார்த்தாள். அதன்பின் அந்த மங்கலான படத்துக்கு வந்தாள். விரல் பற்றியிருந்த சிறு கை இரண்டு நிலைகளில் பதிந்திருந்தது. "அசைஞ்சிருக்கா" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். தெளிவான ஐந்து படங்களும் தராத ஒன்றை அந்த மங்கல் தந்துவிட்டது. உயிரற்றது அசைவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஒரு படம் பதிவாகப் பல நொடிகள் பிடித்த காலத்தில், குழந்தை அசைந்தால் படம் பாழ். அதனால் தாயையே நாற்காலிபோல் அமரவைத்து, தலையோடு துணியால் போர்த்தி, அவள் மடியில் குழந்தையை இருத்திப் படம் எடுத்தார்கள். இன்று அவ்வகைப் படங்களை 'மறைந்த தாய்' படங்கள் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். குழந்தை தெரிய வேண்டுமானால் தாய் மறைய வேண்டும் என்பது அக்காலக் கருவியின் கட்டளை. புதன்கிழமை எடுத்த ஆறு படங்களிலும் தாய் இல்லை. ஆனால் அவை அவளை மறைத்து எடுத்தவை அல்ல. அவள் ஒருத்தி பார்க்க வேண்டும் என்பதற்காகவே எடுத்தவை.

அன்றிரவு செவிலியர் ஒருவர் அவளுக்குப் பாலைக் கையால் பீய்ச்சிச் சேகரிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். கைபேசியை எதிரே சாய்த்துவைத்துப் படத்தைப் பார்த்தபடி செய்யும்படி சொன்னார். முந்தைய முயற்சிகளில் ஒன்றும் வரவில்லை. அன்று சில துளி சீம்பால் வந்தது. அதை ஊசிக்குழலில் எடுத்துக்கொண்டு அவன் இரண்டு தளங்கள் இறங்கினான். படத்தால்தான் பால் சுரந்தது என்று இந்த ஒரு நிகழ்வை வைத்து நிறுவ முடியாது. மூன்றாம் நாள் பால் இயல்பாகவும் ஊறும். ஆனால் மேலிருந்து கீழே பாலும், கீழிருந்து மேலே படமும் போய்வரத் தொடங்கிய பிறகுதான் தாங்கள் மூவரும் ஒரு குடும்பம் என்ற உணர்வு அவனுக்கு வந்தது.

இனி எஞ்சியது மற்றவர்களின் கேள்வி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்திரண்டு பேர். "குட்டி போட்டோ எங்கே?" என்ற கேள்வி நாளுக்குப் பத்து முறை வந்தது. 1997 ஜூன் 11 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரில், மகப்பேற்று மருத்துவமனையில் இருந்தபடியே பிலிப் கான் என்ற பொறியாளர் படக்கருவியையும் கைபேசியையும் மடிக்கணினியையும் இணைத்து, அப்போதுதான் பிறந்த தம் மகளின் படத்தை ஏறத்தாழ 2,000 பேருக்கு அனுப்பினார். கைபேசி வழியே உடனுக்குடன் பகிரப்பட்ட முதற்படம் என்று பரவலாகச் சொல்லப்படுவது அதுவே. அத்தொழில்நுட்பம் மருத்துவமனையில் பிறந்த குழந்தையோடுதான் தொடங்கியது என்பதை எண்ணும்போது, ஊரார் கேட்பதில் வியப்பில்லை. பிறந்த செய்தியைச் சொல்வதும் முகம் காட்டுவதும் மகிழ்ச்சியின் இயல்பு.

ஆயினும் அவள் அனுப்ப வேண்டாம் என்றாள். அவள் சொன்ன காரணம் கண்ணேறு அன்று. "நமக்கு இது அவ உயிரோட இருக்கான்னு காட்டுற படம். அவங்களுக்கு இது பாவமான படம். வளர்ந்த பிறகு யாரோட போன்லயோ அவ அப்படிக் கிடக்க வேண்டாம்." ரோலண்ட் பார்த் 1980இல் வெளியான தம் நூலில், தம் தாய் சிறுமியாக இருந்தபோது எடுத்த ஒரு படத்தைப் பற்றி விரிவாக எழுதினார், அப்படத்தை மட்டும் அச்சிடவில்லை. தமக்கு அது பொருள்தரும். வாசகருக்கு அது எண்ணற்ற படங்களுள் ஒன்று, அவ்வளவே என்று கருதினார். அந்த நூலை அவள் படித்ததில்லை. படித்தவனுக்கு அவள் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் விளங்கியது.

குழுவுக்கு அவர்கள் ஒரு செய்தி மட்டும் அனுப்பினார்கள்: பெண் குழந்தை, 1,380 கிராம், சிகிச்சையில் இருக்கிறாள், தாய் நலம். ஒரே ஒருவருக்கு மட்டும் ஒரு படத்தைத் தனியே அனுப்பும்படி அவள் சொன்னாள். அவளுடைய தாய்க்கு. குழாய்களோடும் பட்டையோடும் 94 என்ற எண்ணோடும். அவர் நெடுநேரம் கழித்து அழைத்து, "நேராப் பார்த்துட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை அவளைச் சக்கர நாற்காலியில் இரண்டாம் தளத்துக்கு அழைத்துவந்தார்கள். வரிசையாக ஆறு பெட்டிகள். எது என்று அவன் சொல்லுமுன் அவள் கை நீட்டினாள். இடப்புற மூலையில் பச்சைப் பிளாஸ்திரி ஒட்டிய பெட்டி. முதல் படத்தில் அவன் வெட்டி எறிந்த அதே ஓரம்.

மறுநாள் குழந்தையை அவள் மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். கங்காரு தாய்ப் பராமரிப்பு என்று இதற்குப் பெயர். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் திணறிய ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய முறை. பெட்டிக்கு மாற்றாகத் தாயின் மார்பு. பச்சிளங்குழந்தைக்கு ஏறத்தாழ இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதே ஓரளவு தெளிவாகத் தெரியும் என்பார்கள். மார்பில் கிடக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் இடையிலும் ஏறத்தாழ அவ்வளவே தொலைவு. அந்த ஒரு மணி நேரம் அவன் படம் எடுக்கவில்லை. கைபேசி பையிலேயே இருந்தது. அவள்தான் நேரே பார்த்துக்கொண்டிருக்கிறாளே.

இதிலிருந்து மருத்துவமனைகள் கற்றுக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. தாயும் சேயும் பிரிக்கப்படும் நிலையில், பல இடங்களில் கைபேசிக்கு முற்றான தடை இருக்கிறது. பிற குழந்தைகளின் தனிமையும் தொற்று அச்சமும் அதற்கான நியாயமான காரணங்களே. ஆனால் துடைத்த கைபேசி, ஃபிளாஷ் இல்லாமை, ஒரு குழந்தை மட்டும், குறித்த இரண்டு நிமிடம் என்ற நான்கு ஒழுங்குகளுக்குள் அதைச் செய்ய முடியும் என்பதை அந்தச் செவிலியர் காட்டினார். தாய்க்குப் படம் கொண்டுபோவதைச் சலுகையாகக் கருதாமல் பராமரிப்பின் ஒரு பகுதியாகக் கருதினால் போதும். தந்தையருக்கும் உறவினருக்கும் அதே அளவு எளிய பாடம் உண்டு: அடையாளப் பட்டை தெரியட்டும்; ஒரு விரலாவது அளவுக்கு இருக்கட்டும்; குழாய்களை மறைக்க வேண்டாம்; அசைந்த படத்தை அழிக்க வேண்டாம். அவளுக்கு எது தாங்காது என்பதை அவளுக்காக மற்றவர் முடிவு செய்யவும் வேண்டாம்.

முப்பத்தெட்டு நாட்களுக்குப் பின், 1,950 கிராம் எடையுடன் குழந்தை வீடு வந்தாள். படங்களை ஒழுங்குபடுத்தியபோது அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை அழித்துவிடலாமா என்று அவன் கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். "அதுவும் இருக்கட்டும். நீங்க எவ்வளவு பயந்தீங்கன்னு அவளுக்குத் தெரியணும்ல" என்றாள்.